மானின் மேல் போட்ட பழி

பக்கத்து வீட்டுக்காரரிடம் மோட்டார் சைக்கிளுக்கு நட்டஈடு வாங்கியவன் நான். ஒரு மன்னிப்பையும் ஒரு சட்டி மீன் குழம்பையும் வாங்கிக்கொண்டு விட்டிருக்கலாம் என்று எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் சிலர் நினைக்கிறார்கள். "அயலுக்குள்ள காசு வாங்கின மனுசன்" என்று என் மனைவியின் காதுபடவே ஒருவர் சொல்லியிருக்கிறார். சொன்னவருக்கும் எங்களுக்கும் இப்போது பேச்சுக் குறைவு. காசு கொடுத்தவருக்கும் எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை.

திருகோணமலையில் உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. ஒரு பட்டா லொறி நுழைந்தால் எதிரே வருகிற சைக்கிள்காரர் யாராவது ஒருவருடைய கேற்றுக்குள் ஒதுங்கத்தான் வேண்டும். அடுத்த வளவுக்காரர் மீன் வியாபாரி. விடிவதற்கு முன்னமே அவருடைய நீல நிறப் பட்டா பின்பக்கமாக வெளியே வந்து, வீதியில் திரும்பி, மீன் ஏற்றப் போய்விடும். 2023ஆம் ஆண்டு அது. கிணற்றடியிலிருந்து கேற் வரைக்கும் சீமெந்து போட்டுக் காயவிட்டிருந்தோம். அதனால் மோட்டார் சைக்கிளை வெளியே, மதிலோடு ஒட்டி நிறுத்தியிருந்தேன். காலையில் அது கானுக்குள் கிடந்தது. டாங்கியின் இடது பக்கம் உள்ளே போயிருந்தது. ஹெட் லைட் உடைந்து, ஹாண்டில் வளைந்து, கிளச் லீவர் முறிந்து, சிக்னல் லைட் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் சொட்டிக் கானில் எண்ணெய்ப் படலமாக ஓடியது.

அப்போது பெட்ரோல் சொட்டுவதைப் பார்ப்பதே தனி நோவு. அதற்கு முந்திய வருடம் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கியவர்கள் நாங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணை மத்தியானம்தான் வந்தார். கானை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மான் தள்ளி விழுத்தியிருக்கும் தம்பி."

திருகோணமலையை அறியாதவர்களுக்கு இது பகிடியாகத் தெரியும். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகிற சனத்திடம் வாழைப்பழம் வாங்கித் தின்று பழகியவை. பொழுதுபட்டால் கோட்டை வாசலைத் தாண்டி டச்பே கடற்கரைக்கும் ஊருக்குள்ளேயும் வரும். குப்பைப் பையைக் கிழிக்கும், பூக்கன்றைத் தின்னும். ஆகவே இந்த ஊரில் மானின் மேல் பழி போடுவது அப்படியொன்றும் நம்பத்தகாத பொய் இல்லை. மான் இல்லையென்றால் கட்டாக்காலி மாடு. ஆனால் என் சைலன்சர் கவரில் ஒரு சாண் நீளத்துக்கு நீலப் பெயின்ட் உரசியிருந்தது. எந்த மானும் நீலப் பெயின்ட் பூசிக்கொண்டு திரிவதில்லை. அவரும் அந்தக் கீறலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "மழை வரும் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கிடைத்த ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. மாமியார், "விட்டிடுங்கோ, ஆபத்து அவசரத்துக்கு அவை தானே ஓடி வருவினம்" என்றார். வேலையிடத்து நண்பன் பொலிஸில் உடனே முறைப்பாடு போடச் சொன்னான். கராஜ்காரத் தம்பி ஒருவன்தான் பயனுள்ள கேள்வி கேட்டான்: "தூக்க முன்னம் படம் எடுத்தீங்களா அண்ணை?" எடுக்கவில்லை, இனித்தான் தூக்கப் போகிறேன் என்றேன். கிடந்த கிடையிலேயே நாலு பக்கமும் எடுக்கச் சொன்னான். நீலக் கீறலைக் கிட்டவும், பட்டாவின் பின் பம்பர் உயரத்தையும் என் சைலன்சர் உயரத்தையும் அடிமட்டம் பிடித்தும் எடுக்க வைத்தான். பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அந்தப் படங்கள்தான் அடித்தளம்.

என் மோட்டார் சைக்கிளுக்கு இருந்தது தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும். அது நான் பிறருக்குச் செய்யும் சேதத்துக்கு. எனக்கு நடந்ததற்கு அதில் ஒரு சதமும் வராது. பழைய பைக்குக்கு ஏன் புல் இன்ஷூரன்ஸ் என்று நினைக்கிற பெரும்பான்மையில் நானும் ஒருவன். கராஜ் எழுதித் தந்த எஸ்டிமேட் 54,000 ரூபா. அதில் புது டாங்கி மட்டும் 34,000. நாணயம் விழுவதற்கு முன் இதில் பாதிக்கு முடிந்திருக்கும் என்றான் அந்தத் தம்பி. ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறிய காலத்தின் மிச்சம், ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் பெட்டியிலும் ஒட்டியிருந்தது.

இப்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் சில நாட்கள் எனக்குக் காசு பெரிதாகவே தெரியவில்லை. ஒழுங்கைச் சனம் பார்க்க அவர் என் கேற்றடியில் நின்று தலை குனிய வேண்டும், மான் என்று சொன்ன வாயால் இல்லை என்று சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இரவில் படுத்துக்கொண்டு அவருக்குச் சொல்ல வேண்டிய வசனங்களை ஒத்திகை பார்த்தேன். நல்ல வசனங்கள். ஒன்றில்கூட ஒரு தொகை இல்லை. அவர் செய்யக்கூடிய எதுவும் அந்தக் கோபத்துக்குப் போதாது என்பது எனக்கே மெல்ல விளங்கியது. தலை குனிவதற்கு அளவு கிடையாது. எவ்வளவு குனிந்தாலும் இன்னும் கொஞ்சம் குனிந்திருக்கலாம் என்றுதான் தோன்றும். 54,000 என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. அதைக் கூட்டலாம், குறைக்கலாம், நாலாகப் பிரிக்கலாம், ஒரு நாள் கட்டி முடிக்கலாம்.

ஒரு சட்டத்தரணி எனக்குத் தூரத்து உறவு. அவரிடம் போனேன். வேண்டுமென்று செய்தாலும் கவனக்குறைவால் செய்தாலும் பிறர் பொருளுக்குச் சேதம் விளைவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும், அதற்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று சொன்னார். இது எந்தச் சட்டம் என்று கேட்டேன். ஜன்னல் பக்கமாக, கோட்டை இருக்கும் திசைக்குக் கையைக் காட்டினார். அந்தக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் விட்டுப்போன சட்டமாம். ஆங்கிலேயர் 1795இல் திருகோணமலையைப் பிடித்தார்கள். 1799இல் பிரகடனம் செய்து ஒல்லாந்தர் காலத்துச் சட்டத்தை அப்படியே தொடர விட்டார்கள். அதன் வேர் இன்னும் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ரோமர் இயற்றிய அக்குவிலியச் சட்டம், பிறருடைய அடிமையையோ ஆடுமாட்டையோ கொன்றவன் அதற்கு முந்திய ஒரு வருடத்தில் இருந்த உச்ச விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. எரித்தல், உடைத்தல் போன்ற மற்றச் சேதங்களுக்கு முப்பது நாள் கணக்கு வைத்தது. மனிதரையும் மாட்டையும் ஒரே வரியில் எழுதிய சட்டம்தான். ஆனாலும் பழைய பொருளுக்கு எந்த நாளின் விலை என்ற சண்டை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னமே நடந்திருக்கிறது என்று கேட்டபோது என் டாங்கிக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது போல் இருந்தது.

"ஆனா நீ நேரே கோட்டுக்குப் போகேலாது" என்றார். "முதல்ல மத்தியஸ்த சபை. அவை சரிவரேல்ல எண்டு கடிதம் தந்தாத்தான் மற்றது."

பிறகு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார். "பட்டாவை ஆர் ஓட்டினது?"

எனக்குத் தெரியும். அண்ணையின் தங்கச்சி மகன். பள்ளிக்கூடம் விட்டு மாமாவோடு மீனுக்குப் போகத் தொடங்கியிருந்தான். விடியப்புறத்தில் அவன் பட்டாவை ரிவேர்ஸ் எடுப்பதை என் மனைவி பலமுறை பார்த்திருக்கிறாள். அவனிடம் லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ் இல்லாதவன் ஓட்டியது என்றால் பட்டாவின் இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும். பொலிஸ் போனால் ஓட்டியவன் மேலும் கொடுத்தவர் மேலும் தனி வழக்கு. மான் ஏன் வந்தது என்பது எனக்கு அப்போதுதான் சரியாகப் பிடிபட்டது. காசு கொடுக்க மனமில்லாமல் சொன்ன பொய் இல்லை அது. பெடியனைக் காப்பாற்ற வந்த பொய்.

சட்டத்தரணி எச்சரித்தார்: "காசு தா, இல்லாட்டி பொலிஸுக்குச் சொல்லுவன் எண்டு மட்டும் வாய் திறந்திடாதை. பிறகு குற்றவாளி நீ."

நான் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த நாள் பின்னேரம் அண்ணை கேற்றடியில் ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தபோது போய், மிகவும் தன்மையாகக் கேட்டேன்: "அண்ணை, பட்டா இன்ஷூரன்ஸ்காரரைக் கூப்பிட்டா ரெண்டு பேருக்கும் லேசுதானே?"

அவர் தண்ணீர்க் குழாயை நிறுத்தவில்லை. பெட்டி நிரம்பி வழிந்தது. "பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு அவர் வாயில் மான் வரவேயில்லை.

அந்தக் கேள்வியை நான் அப்பாவியாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதை அவர் அறிய வேண்டும் என்றுதான் கேட்டேன். அது மிரட்டலா என்று யாராவது கேட்டால், அரைவாசி மிரட்டல்தான் என்று சொல்வேன். அந்த அரைவாசி இல்லாவிட்டால் அவர் மத்தியஸ்த சபைக்கு வந்திருப்பாரா என்பதை நான் இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். வந்திருக்க மாட்டார் என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிகிறது. அதற்காகப் பெருமைப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொடக்கத்தில் 25,000 ரூபாவுக்கு உட்பட்ட பிணக்குகள் கட்டாயம் அங்கே போக வேண்டும் என்று இருந்தது. 2016இல் அந்த எல்லையை 5 இலட்சமாக உயர்த்தினார்கள். வடக்கில் பல இடங்களுக்குச் சபை போர் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. விண்ணப்பத்துக்கு அப்போது ஒரு 5 ரூபா முத்திரை, அவ்வளவே செலவு. சட்டத்தரணிகளுக்கு உள்ளே இடமில்லை. நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத ஊர்ப் பெரியவர்கள்: ஓய்வுபெற்ற அதிபர்கள், ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள்.

விடுமுறை நாளொன்றில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடினோம். சிறுபிள்ளைகளின் கதிரை. அண்ணை தன் பெரிய உடம்பை அதற்குள் இறக்க முடியாமல் நின்றுகொண்டே இருந்தார். பட்டியலில் இருந்து அவர் ஒருவரையும் நான் ஒருவரையும் தெரிவு செய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிந்து தலைமை கொடுத்தார்கள். தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற அதிபர். முதலில் எங்களை ஒன்றாக வைத்துக் கேட்டார்கள், பிறகு தனித்தனியாக.

ஒன்றாக இருந்தபோது நடந்தது நல்லதாக இல்லை. நான் படங்களை அடுக்கினேன். அண்ணை படங்களைப் பார்க்காமல் என் மோட்டார் சைக்கிளின் வயதைப் பேசினார். "2014ஆம் ஆண்டுப் பைக் ஐயா. உப்புக் காத்தில டாங்கி ஏற்கனவே துரு. அதுக்குப் புது டாங்கி கேக்கிறார்." பாதி உண்மை. துறைமுகக் காற்றில் எங்கள் பக்கத்தில் எந்த இரும்பும் பத்து வருடம் பளபளப்பாக நிற்பதில்லை. ஆனால் மறுபாதியை நான் சொன்னேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து புது மோட்டார் சைக்கிள் நாட்டுக்குள் வரவில்லை. பழசின் விலை வாங்கிய விலையைத் தாண்டி ஏறிவிட்டது. நான் புதிதாக வாங்கிய தொகையைவிடக் கூடுதலாக இந்தத் துருப்பிடித்த டாங்கியோடேயே கேட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள். வயது போகப் போக மதிப்புக் குறையும் என்ற கணக்கு அந்த வருடங்களில் இலங்கையில் தலைகீழாக நின்றது. அதிபர் சிரித்துக்கொண்டு, தன்னுடைய பழைய ஸ்கூட்டருக்கும் அப்படித்தான் விலை கேட்கிறார்கள் என்றார்.

அப்போதுதான் அண்ணை குரலை உயர்த்தினார். 2006 ஏப்ரலில், சந்தையில் குண்டு வெடித்ததன் பிறகு நகரத்தில் தமிழர் கடைகளை எரித்தபோது, அவருடைய கருவாட்டுக் கடையும் போனதாம். "படிவம் நிரப்பினன், படம் குடுத்தன், விதானையிட்டக் கையெழுத்து வாங்கினன். வந்த காசு கூரைக்குக்கூடக் காணேல்ல. எனக்கு ஆர் நட்டஈடு தந்தது? இவருக்கு ஒரு டாங்கிக்கு நான் தரவேணும்."

எனக்கு வாய் வரவில்லை. அவருடைய கடை எரிந்தது எனக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு மேல் அயலில் இருந்தும் தெரியாது. இந்த ஊரில் பெரிய இழப்புகளுக்கெல்லாம் படிவங்கள் இருக்கின்றன. 2018இல் இழப்பீட்டுக்கென்று தனி அலுவலகம் அமைக்கவும் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அவற்றுக்கெல்லாம் காத்திருந்து அலுத்த ஒருவரிடம் உடைந்த ஹெட் லைட்டுக்குப் பட்டியல் நீட்டுவது அற்பமாகத் தோன்றியது. எழுந்து, விடுங்கோ ஐயா என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

அதிபர் என்னைவிடத் தெளிவாக இருந்தார். "அது பெரிய அநியாயம். ஒத்துக்கொள்ளுறன்" என்று அண்ணையிடம் சொன்னார். "ஆனா உங்கட கடையை எரிச்சது இந்தத் தம்பி இல்லை. இவற்ற பைக்கை இடிச்சது உங்கட பட்டா. வரவேண்டிய காசை வரவேண்டிய இடத்தில கேக்கவேணும். குடுக்க வேண்டியதைக் குடுக்க வேண்டிய இடத்தில குடுக்கவேணும்."

தனித்தனியாகப் பேசியபோது அண்ணை அவர்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அங்கே பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்க முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். அந்த உறுதி அவருக்கு உதவியிருக்க வேண்டும். திரும்ப ஒன்றாக உட்கார்ந்தபோது அவரே, என்னைப் பார்த்து, "நான் ஓட்டேல்ல தம்பி, பெடியன்தான்" என்றார். நான் நாட்கணக்காக ஒத்திகை பார்த்த வசனங்களில் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை. "தெரியும் அண்ணை" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு கணக்கு. புது டாங்கி இல்லை. பழையதை டிங்கர் செய்து பெயின்ட் அடிக்க 15,000. ஹெட் லைட்டும் சிக்னலும் 9,500. ஹாண்டில், கிளச் லீவர், கேபிள் 6,500. வேலைக்கூலி 4,000. மொத்தம் 35,000. சீனக்குடாவில் வேலைக்குப் போக ஓட்டோவுக்குக் கொடுத்த 10,000 ரூபாவையும் கேட்டேன். ஏன் ஒழுங்கையில் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்கள். சீமெந்து என்றேன். பட்டா வருகிற ஒழுங்கை என்று தெரியும்தானே, அடுத்த வளவில் சொல்லி அவர்களுடைய முற்றத்தில் விட்டிருக்கலாமே என்றார் ஒருவர். ஓட்டோக் காசில் பாதி வெட்டுப்பட்டது. அந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. 40,000 ரூபா, மாதம் 10,000 வீதம். இருவரும் கையெழுத்து வைத்தோம். கொடுக்காமல் விட்டால் மறுபடி சபையிடம் வந்து முறையிடலாம், அதற்கும் சரிவராவிட்டால் நீதிமன்றம் என்று விளக்கினார்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது எழுதிக் கொள்ளச் சொன்னதும் அவர்கள்தான். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "அயலுக்குள்ள ரசீதோ?" என்றார்.

விட்டுக்கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய மருமகன் ஒழுங்கையில் பட்டாவைத் திருப்பும்போதெல்லாம் என் பல் நறநறத்திருக்கும். அவர்கள் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போயிருப்பேன். போன கையோடு, 54,000 ரூபாவை விழுங்கியவன் என்று மனதுக்குள் சொல்லியிருப்பேன். அவரும் என்னைக் காணும் போதெல்லாம் மானை நினைத்திருப்பார். பெருந்தன்மையாக மன்னிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாமியார் அந்த ரகம். நான் அந்த ரகம் இல்லை. எனக்குக் கடன் தீர வேண்டும், தீர்ந்த பிறகுதான் மனம் ஆறும். என்னைப் போன்றவர்கள் பெருந்தன்மை காட்டினால் அதற்கு வட்டி கேட்போம்.

தவணைகள் ஒழுங்காக வந்தன. இரண்டாம் தவணையைக் கொண்டுவந்தது அந்தப் பெடியன். அதற்கிடையில் லைசன்ஸுக்கு விண்ணப்பித்திருந்தான். டாங்கிக்கு அடித்த பெயின்ட் பழைய நிறத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. வெயிலில் பார்த்தால் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசித் தவணைக்கு அண்ணையே வந்தார். ஒரு கையில் 7,000 ரூபா, மறு கையில் பொலித்தீன் பையில் ஒரு பாரை.

"மிச்சத்துக்கு மீன், தம்பி."

முற்றத்தில் நின்று கொஞ்சம் யோசித்தேன். மீனைச் சும்மா வாங்கினால் 3,000 ரூபா பாக்கியா தீர்ந்ததா என்று இரண்டு பேர் மனதிலும் இரண்டு கணக்கு நிற்கும்.

"எத்தினை கிலோ அண்ணை?"

"ரெண்டு. நிறுத்துத்தான் கொண்டந்தனான்."

"கிலோ என்ன விலை?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சந்தையில ஆயிரத்து எண்ணூறு."

"அப்ப மூவாயிரத்து அறுநூறு." உள்ளே போய் 600 ரூபா எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். வாங்கினார். எண்ணினார். சேர்ட் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி கேட்டார்:

"ரசீது வேணுமோ தம்பி?"